சிட்னியில் சைல்ட்கேர் தேடும்போது

வெஸ்ட்மீட், துங்காபி பக்கம் வீடு அமைந்ததும் அடுத்த அலைச்சல் சைல்ட்கேர், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம். உள்ளே நுழைந்ததும் நம்மவர்கள் கேட்பது, "ஏபிசிடி எழுத வைப்பீர்களா?" அதை வைத்து இடத்தை எடைபோடாதீர்கள். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணிக்காத இடம்தான் பெரும்பாலும் நல்ல இடம். பிளேடோ என்ற விளையாட்டு மாவைப் பிசைவதும் மணல் அள்ளுவதும் நேரப்போக்கு இல்லை; பின்னால் பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அதில்தான் வலுப்படுகின்றன. 2009 முதல் ஆஸ்திரேலியா முழுவதற்கும் இருக்கும், சிறு குழந்தைகள் கற்றலுக்கான தேசியச் சட்டகமே விளையாட்டு வழிக் கற்றலை மையமாக வைத்ததுதான்.

ஒவ்வொரு மையத்துக்கும் அரசுத் தர மதிப்பீடு உண்டு. வாசலிலேயே மாட்டியிருக்க வேண்டும். 'ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ்' இணையதளத்திலும் பார்க்கலாம். 'மீட்டிங்' என்றாலே தேசியத் தரத்தை எட்டியது என்று பொருள், 'எக்ஸீடிங்' அதற்கும் மேல். ஆனால் மதிப்பீடு எந்த ஆண்டு நடந்தது என்பதையும் பாருங்கள், அதன்பின் ஆட்களே மாறியிருக்கலாம்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இரண்டு வயதுக்குள் 4 குழந்தைக்குப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர், இரண்டிலிருந்து மூன்று வரை 5 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 10 பேருக்கு ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அழும் குழந்தையிடம் யாராவது போகிறார்களா? உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுகிறார்களா? சுவரில் இருபது வண்ணத்துப்பூச்சியும் ஒரே அச்சாக இருந்தால், செய்தது பெரியவர்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். சேர்த்த பிறகும், குழந்தை அங்கே இருக்கும் நேரத்தில் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம்; அது சட்டம் தரும் உரிமை.

நம் வீட்டில் போல ஊட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். தானே எடுத்துச் சாப்பிடத்தான் பழக்குவார்கள். முதல் வாரம் பாதிச் சாப்பாடு கீழே சிந்தும், பரவாயில்லை. அப்புறம், ஆங்கிலம் வராதே என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். 'தண்ணி', 'வலிக்குது', 'ஒண்ணுக்கு' போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். பல இடங்களில் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை வந்ததுமே ஜிபியிடம் (பொது மருத்துவரிடம்) காட்டி இங்குள்ள தேசியப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அந்தச் சான்று இல்லாமல் சேர்க்கை நடக்காது. கட்டண மானியம் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவர்களுக்குக் கிடைக்கும், தற்காலிக விசாக்கள் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. அதனால் நாள் கட்டணத்தை முழுசாகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை நாள் அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்.