லீனியர் சுடுகிறதா? ஃபேனுக்கு முன் பேஸ்ட்டைப் பாருங்கள்

ஹாம் ரேடியோ சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்தான் லீனியர். 600 வாட் தரும் டிரான்சிஸ்டர் லீனியர் 60 சதவீதத் திறனில் ஓடினால், சப்ளையிலிருந்து 1000 வாட் இழுக்கும். மிச்ச 400 வாட்டும் சூடுதான். பேச்சில் நடுநடுவே மூச்சுவிட இடைவெளி கிடைக்கும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் 12.6 நொடி இடைவிடாமல் முழுப் பவர்.

உடனே பெரிய ஃபேன் தேடாதீர்கள். சப்ளையை அணைத்து, கெப்பாசிட்டர்களின் சார்ஜ் இறங்கியபின், போல்ட் போட்ட டிரான்சிஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். தெர்மல் பேஸ்ட் சட்னி மாதிரி அப்பியிருக்கிறதா? அங்கேதான் கோளாறு. இரு உலோகங்களுக்கு நடுவே உள்ள காற்றை விரட்டத்தான் பேஸ்ட். தடிமனாகப் போட்டால் அதுவே சூட்டைத் தடுக்கும். பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, அடியில் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு விடுங்கள். இருபுற ஸ்குரூக்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

அப்புறம் ஃபேன். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் ஃபின்களோடு ஒட்டி வைத்தால் நடு மோட்டாருக்கு நேரே காற்றே போகாது. இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு (வெற்றிடக் குழாய்) உள்ள லீனியர் என்றால் ஸ்டாண்ட்பையில் போட்டு, ஃபேன் சில நிமிடம் ஓடியபின் அணையுங்கள்.