ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள்

ஆகஸ்ட் விடுமுறையில் வெளிநாடுகளிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் விருந்தாளிகளாகவே இருந்துவிட்டுத் திரும்புகின்றனர். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு அசைத்து இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கெனப் பயிற்சி வகுப்பு எதையும் தேடாமல், வீட்டு வேலை ஒன்றைப் பிள்ளையின் பொறுப்பில் விட்டாலே அதில் நல்ல பங்கு நிறைவேறிவிடும்.

கிணற்றில் கப்பியால் தண்ணீர் அள்ளுவதை நான் முதலில் வைப்பேன். ஒரு கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்க மற்றக் கை மேலே சென்று பற்ற வேண்டும் என்பதால், பிடியின் வலுவும் இரு கைகளின் ஒத்திசைவும் ஒன்றாகவே வளர்கின்றன. அவசரப்பட்டால் வாளி ஆடிப் பாதித் தண்ணீர் சிந்திவிடும், ஆகவே நிதானமும் தானாகவே வந்துவிடும். மாரிக்கு முந்திய மாதங்களில் நீர்மட்டம் இறங்கியிருப்பதால் இழுக்க வேண்டிய கயிறும் நீளம். பள்ளிப் பை பிள்ளையின் எடையில் பத்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது என்று சொல்லப்படும் கணக்கையே இங்கும் கொண்டு, 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வாளியோடு சேர்த்து இரண்டரைக் கிலோவுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்கட்டு பிள்ளையின் நெஞ்சளவுக்குக் குறைவாக இருந்தாலோ, அருகில் பெரியவர் ஒருவர் நிற்க முடியாவிட்டாலோ இந்த வேலை வேண்டாம். பூமரங்களுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினால் போதும்.

கீரை ஆய்வது, ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டுவது போன்றவை விரல்களுக்கும் இடுப்புக்கும் நல்லவை. கதிரையிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் குந்தியிருப்பது முதலில் சிரமமாகத்தான் இருக்கும்.

உண்மையான தடை அம்மம்மாவிடமிருந்தே வரும். “பாவம் பிள்ளை, விடு” என்று வாளியை வாங்கிவிடுவார். முன்கூட்டியே பேசி, அவரையே பழக்குபவராக ஆக்கிவிடுவது நல்லது.

கடைக்கு அனுப்பும்போது மட்டும் கூடவே செல்லுங்கள். இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், கனடாவிலோ ஜெர்மனியிலோ இடப்புறம் பார்த்து வீதியைக் கடக்கப் பழகிய பிள்ளை இங்கே முதலில் வலப்புறம் பார்க்க வேண்டும். ஒழுங்கையில் நாய் வந்தால் ஓடாமல் அசையாது நிற்கச் சொல்லுங்கள்; கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990.