ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்காது

கடலூரிலிருந்து தினம் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களில் பலர் ஓய்வை மொத்தமாக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஞாயிறோ துணி துவைப்பது, கல்யாணம், காதுகுத்து என்று போய்விடும், திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்போதே உடம்பு அசந்திருக்கும். அதனால் வேலை நாளுக்குள்ளேயே ஓய்வுக்கு இடம் பண்ணுங்கள்.

முதலில் மதியத்தைச் சரி செய்யுங்கள். இரண்டு, மூன்று மணிக்கு வரும் மந்தத்துக்குச் சோறு மட்டும் காரணமில்லை, அந்த நேரத்தில் உடம்பின் சுறுசுறுப்பு இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல், யோசித்துச் செய்ய வேண்டியதைக் காலையிலேயே முடித்துவிட்டு, பில் சரிபார்ப்பது, ஃபைல் அடுக்குவது மாதிரி வேலைகளை அந்த நேரத்துக்கு வையுங்கள். சாப்பாட்டை மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். கடைசி டீயோ காபியோ மூன்று மணிக்குள் முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தச் சாயங்கால டீதான்.

அப்புறம், வீடு திரும்பும் நேரம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. கிளம்பும் முன் நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜையிலேயே வைத்துவிடுங்கள், எழுதிவிட்டால் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்காது. அலுவலகம் கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் நல்லது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து கொஞ்ச தூரம் காற்றாட நடந்துவிட்டு பஸ் பிடிக்கலாம். பஸ்ஸில் ஏறியதும் பதில் போட வேண்டிய மெசேஜ் இருந்தால் போடுங்கள். தவளக்குப்பம் தாண்டியதும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்து போனைப் பையில் போட்டுவிடுங்கள். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி என்று ஜன்னல் ஓரம் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டு வாருங்கள், மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது வீட்டு மனுஷராக இறங்குவீர்கள்.

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆள் வராத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து முதலாளியிடம் கேளுங்கள்.

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் காலையில் வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸோ தொப்பியோ போடுங்கள், வெயில் வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் கலைந்துவிடும். படுக்கும் அறை ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டுங்கள், நீங்கள் தூங்குகிற நேரம் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு செய்தும், நன்றாகத் தூங்கியும், வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ரத்தசோகையோ தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம், முக்கியமாகப் பெண்களுக்கு ரத்தசோகை. அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.