பழைய டெர்மினல் கிறுக்கினால் என்ன செய்வது

பெரும்போக அறுவடை நேரம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் சர்வரை மாற்றிவிட்டு, பழைய டெர்மினலை, அதாவது சீரியல் வயரில் சர்வரோடு பேசும் திரையும் விசைப்பலகையும் மட்டுமான பெட்டியை, அப்படியே செருகியிருந்தார்கள். "மனே, இது விசர் பிடிச்ச மாதிரி எழுதுது" என்று கணக்குப்பிள்ளை அழைக்க, மண்முனைப் பாலம் தாண்டிப் போனேன்.

வயரில் கைவைக்க முன் கிறுக்கலைப் பாருங்கள். திரை வெறுமையாக இருந்தால்தான் வயர் மேல் சந்தேகம். அங்கே டெர்மினலின் சொக்கெட்டில் 25 முனை, கணினியில் 9 முனை. 25 முனையில் 2 அனுப்பும், 3 வாங்கும். 9 முனையில் அது தலைகீழ். அதனால் 2க்கு 2, 3க்கு 3 என்று நேராகப் பற்றவைத்தாலே போதும். கிரவுண்ட் மட்டும் 9 முனையில் 5, 25 முனையில் 7. கடையில் வாங்கிய, 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போடும் கிராஸ் கேபிளை நடுவில் போட்டு அரை நாள் வீணாக்கிய அனுபவம் எனக்குண்டு. யூஎஸ்பி கன்வெர்ட்டர் என்றால் இந்த சீரியல் வயருக்கான ஆர்எஸ்-232 வகையே வேண்டும். 5 வோல்ட் சர்க்கிட்டுக்கான சின்னப் பலகையைக் கொடுத்தால் கருகிவிடும்.

முழுக்கக் குப்பை வந்தால் வேகம் பொருந்தவில்லை. இரு பக்கமும் வேகத்தை நொடிக்கு 9600 பிட் என்று வையுங்கள். பாதி எழுத்துச் சரி, பாதி பிழை என்றால் பாரிட்டி, அதாவது பிழை பார்க்கச் சேர்க்கும் பிட், பொருந்தவில்லை. இரு பக்கமும் 8 பிட், பாரிட்டி இல்லை, எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் 1 என்று வையுங்கள்.

எங்கள் வழக்கு வேறு. சொற்கள் தெளிவாக வந்தன, இடையிடையே 2ஜே, 0எம் என்று துண்டுகள். திரையை அழி, நிறத்தை மாற்று என்று சர்வர் அனுப்பும் கட்டளைகளை டெர்மினல் புரியாமல் எழுத்தாகக் காட்டியது. டெர்மினலின் செட்டப் மெனுவில் வேறு மாடல்களைப் போல நடிக்கும் பல வேடங்கள் உண்டு. அது வைஸ்60 என்ற மாடலின் வேடத்தில் இருந்தது. லினக்ஸின் தொடக்கக் கோப்பிலோ யாரோ, எந்த வகை டெர்மினல் என்று சொல்லும் டெர்ம் (TERM) மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் (xterm-256color) என்று நிரந்தரமாக எழுதியிருந்தார்கள். இரண்டையும் விடி100 (vt100) ஆக்கினேன். டெக் நிறுவனத்தின் 1978 மாடல் அது, அதன் மொழி இன்றும் எல்லா இடமும் செல்லும்.

பேக்ஸ்பேஸ் அழிக்காவிட்டால், stty erase என்று அடித்து, இடம் விட்டு, கண்ட்ரோல்-வி, பிறகு அந்த விசை, என்டர். அந்த விசைக்குச் சில டெர்மினல் 8 என்ற எழுத்துக் குறியீட்டை அனுப்பும், சிலது 127.

நெல் பெயர்களைத் தமிழில் காட்டக் கேட்டார்கள். இன்றைய எழுத்துக் குறியீட்டு முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இந்த டெர்மினல் அதை மூன்று குப்பையாகத்தான் காட்டும். சம்பாவும் நாடும் ஆங்கில எழுத்திலேயே கிடக்கின்றன.

மறுநாள் திரும்ப அழைப்பு: திரை உறைந்துவிட்டதாம். சேவ் பண்ணுவதாக நினைத்து யாரோ கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருக்கிறார்கள். டெர்மினலில் அது திரையில் எழுதுவதை நிறுத்திவைக்கும். மீண்டும் ஓடவைக்கும் கண்ட்ரோல்-கியூவை அழுத்தச் சொன்னேன்.