ஏற்காடு ஏறும் முன் பெடலைப் பழகுங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிறு அதிகாலையில் அந்தச் சாலையில் போகும்போது, புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கியவர்களைக் கவனிக்கிறேன். கனமான கியரைப் போட்டுக்கொண்டு, தோளை இருபுறமும் ஆட்டி, முழு பலத்தோடு மிதிக்கிறார்கள். நாலைந்து வளைவுக்குள் தொடை இறுகிப்போகிறது. நல்ல வலுவுள்ள கால்கள் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று பலர் அதைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்குங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் சீட் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. ஓட்டும்போது குதிகால் வேண்டாம். விரல்களுக்குப் பின்னால் உள்ள அகன்ற பகுதி பெடலின் அச்சுக்கு மேல் இருக்கட்டும்.

அடுத்து மிதிக்கும் வேகம். சமதளத்தில் நிமிடத்துக்குப் பெடல் 80 முதல் 90 சுற்று சுற்றினால் நல்ல அளவு. வலது முழங்கால் மேலே வருவதை 15 வினாடி எண்ணுங்கள். 20க்குக் குறைந்தால் இலகுவான கியருக்கு மாறுங்கள். உடம்பு சீட்டில் குதித்தால் கியர் அளவுக்கு மீறி இலகுவாகிவிட்டது. இலகுவாகச் சுழற்றும்போது மூச்சு சற்று வாங்கும். ஆனால் மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், களைத்த தொடை அவ்வளவு சீக்கிரம் தேறாது.

பெடல் முன்பக்கம் கிடைமட்டமாக வரும்போதுதான் அழுத்தம் முழுதாகப் பயன்படுகிறது. அடியை நெருங்கும்போது, வாசல் மிதியடியில் செருப்பு மண்ணைத் துடைப்பதுபோல் பாதத்தைப் பின்னுக்கு இழுங்கள். மேலே வரும் காலையும் பலமாக இழுக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அதில் கிடைப்பதைவிடச் செலவாகும் மூச்சு அதிகம். அந்தக் கால் மற்ற காலுக்குப் பாரமாகாமல் இருந்தால் போதும்.

இதைப் பழக, பாதத்தைப் பெடலோடு பிணைக்கும் ஷூ இருந்தால், வீட்டில் டிரெயினரில் (சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தியே மிதிக்க உதவும் தாங்கி) ஒற்றைக் காலால் 30 வினாடி ஓட்டிப் பாருங்கள். மேல்முனையில் கால் தயங்கினால் செயின் தொய்ந்து, மறுகணம் ‘டக்’கென்று பிடிக்கும். அந்தச் சத்தம் மறைந்து ஒரே சீரான ஓசை வரும்வரை இரு காலுக்கும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

மலையில் 70 சுற்று வந்தாலே நிறைவு. வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கும். அதற்குள் நுழையும் முன்பே, அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்திக் கியரை மாற்றிவிடுங்கள். ஏற்றத்தில் திணறும்போது மாற்றினால் செயின் கறகறவென்று அரைபடும்.

பிறகு முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்புறம் வலித்தால் உயரம். எதுவானாலும் ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.