கடலூரிலிருந்து லே போகிறீர்களா? முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள்

தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்றில் வளர்ந்த உடம்பு என்னுடையது. சென்னை போய், டெல்லியில் மாறி, லடாக்கின் லே நகரில் விமானத்தில் இறங்கினேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அன்றைக்கே குன்றின் மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபி என்ற பௌத்த நினைவுச்சின்னத்தின் படிகளில் ஏறினேன். ராத்திரி முழுக்கத் தலைவலி, குமட்டல். வீம்புதான், வேறென்ன!

இறங்கியதும் அறையில் படுத்துவிடுங்கள். தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். பாங்காங் ஏரி, கர்துங் லா மலைக்கணவாய் எல்லாம் மூன்றாம் நாளுக்கு மேல்தான். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளம்புமுன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

அப்புறம், நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். உயரத்தில் பசியே எடுக்காது. பண்ருட்டி முந்திரி அரைக்கிலோ கொண்டுபோயிருந்தேன், அதுதான் கைகொடுத்தது.