உள் நெட்வொர்க் முகவரிகளும் உள்ளூர் டிஎன்எஸ் ஜோன்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு நிறுவனம் தனக்கென்று பொது ஐபி முகவரி (இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய எண் முகவரி) வாங்க வேண்டுமானால், முகவரிகளைப் பதிவுசெய்து தரும் அமைப்புகளான இந்தியாவின் ஐஆர்ஐஎன்என்னிடமோ ஆசிய-பசிபிக்கின் ஏப்நிக்கிடமோ விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பதிவேட்டில் பெயர் ஏறும். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் 10-ல் தொடங்கும் முகவரிகளுக்கும் 192.168 முகவரிகளுக்கும் இது எதுவும் வேண்டாம். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் அவற்றை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டது. உலக இணைய எண்களை நிர்வகிக்கும் ஐயானாவின் சிறப்புப் பயன்பாட்டு முகவரிப் பட்டியல், ஒரு தொகுதி எதற்காக என்று சொல்லும். ஆனால் அதில் எந்தத் துண்டை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு வெளியே எங்கும் இல்லை. அந்தக் கணக்கை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். பல அலுவலகங்களில் அது எழுதப்படுவதே இல்லை. மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கிண்டியில் அலுவலகம், அம்பத்தூரில் தொழிற்சாலை, இரண்டிலும் 192.168.1 என்று வைத்துக்கொள்வோம். விபிஎன் (இணையம் வழியாக இரண்டு நெட்வொர்க்குகளைப் பாதுகாப்பாக இணைக்கும் வழி) போட்டு இணைக்கும் நாளில்தான் சிக்கல் தெரியும். ரிச்சி தெருவில் வாங்கும் ரௌட்டர்களில் பலவும் 192.168.0 அல்லது 192.168.1 என்றே வருவதால், வேளச்சேரி வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இதே மோதல்தான். அவர் அலுவலக சர்வரைக் கூப்பிடுவார், கோரிக்கை வீட்டு நெட்வொர்க்கையே சுற்றி வரும். 10-க்குள் அதிகம் புழங்காத ஒரு துண்டை, 10.73 மாதிரி, எடுத்துக்கொண்டு கிளைவாரியாகப் பிரித்து ஒரு ஷீட்டில் எழுதிவிடுங்கள். புதிய, நீளமான முகவரி முறையான ஐபிவி6-இலும் இதே கதைதான். எஃப்டி-யில் தொடங்கும் உள் முகவரிகளில் அடுத்த 40 பிட்கள் குருட்டாம்போக்கில் உருவாக்கப்பட வேண்டும் என்பது விதி. சோம்பல்பட்டு எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்தால், மோதலைத் தவிர்க்க அந்த விதி தந்த வசதி வீணாகிவிடும்.

172 தொகுதியில் 172.16 முதல் 172.31 வரைதான் உள் பயன்பாட்டுக்கு. அதற்கு மேல் 172.32-ஐ எடுத்து உள்ளே போட்டால், அந்த முகவரியை முறையாகப் பெற்ற வேறொருவரின் தளம் உங்கள் ஊழியர்களுக்கு மட்டும் திறக்காது. யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பி 1.1.1.1-ஐ வைஃபை லாகின் பக்கத்துக்கு வைத்தவர்கள், 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதே முகவரியில் டிஎன்எஸ் சேவை (பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்வது) தொடங்கியபோது மாட்டிக்கொண்டார்கள். 100.64-இல் தொடங்கும் தொகுதியையும் அலுவலகத்துக்குள் தொடாதீர்கள். அது 2012-ல் இணையச் சேவை நிறுவனங்களின் பொது நாட் (NAT, பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வது) அமைப்புக்கென ஒதுக்கப்பட்டது. உங்கள் லைனுக்கு மறுபக்கம் அதே முகவரிகள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம், ரிவர்ஸ் லுக்கப், அதாவது முகவரியைக் கொடுத்துப் பெயர் கேட்பது. உள் முகவரிக்கு என்ன பெயர் என்று சர்வர்களும் லாக் மென்பொருள்களும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கான பதில்கள் அடங்கிய ரிவர்ஸ் ஜோன் உங்கள் டிஎன்எஸ் சர்வரில் இல்லையென்றால் கேள்வி உலக இணையத்துக்குப் போய்விடும். அங்கே யாருக்கும் பதில் தெரியாது. இப்படிக் கசியும் கேள்விகளுக்கு “இல்லை” என்று சொல்வதற்காகவே ஏஎஸ்112 என்ற பெயரில் தன்னார்வலர்கள் பல நாடுகளில் சர்வர்கள் நடத்துகிறார்கள். நம் கவனக்குறைவின் சுமையை அவர்கள் இலவசமாகத் தூக்குகிறார்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களின் முகவரிகளையும் நாமே வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6303 இதற்காகத்தான் உள்ளூரிலேயே பதில் சொல்ல வேண்டிய ஜோன்களைப் பட்டியலிட்டது.

அலுவலகத்தில் இதன் பாதிப்பு எப்படித் தெரியும்? சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் இணையம் போகும், அது புரிகிறது. அதே அறையில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள சர்வர் ஏன் இழுத்து இழுத்து இணைகிறது? இணைபவரின் முகவரிக்குப் பெயர் கேட்டு, வெளியிலிருந்து பதில் வராமல் காத்திருக்கிறது. சிலர் சர்வரை மாற்றுவார்கள், ஸ்விட்சை மாற்றுவார்கள். உண்மையான தீர்வு ஒரு ஜோன் ஃபைல்தான். 10-க்கு ஒரு ஜோன், 192.168-க்கு ஒன்று, 172-க்கு மட்டும் 16 முதல் 31 வரை பதினாறு தனி ஜோன்கள். இந்தப் பதினாறில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது ரொம்பவே சகஜம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருள் இந்த ஜோன்களுக்குத் தானாகவே “இல்லை” என்று சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் உண்மையான ரிவர்ஸ் பதிவுகளை நீங்கள் வேறொரு உள் சர்வரில் வைத்திருந்தால் அதற்கும் “இல்லை” என்றே வரும். அன்பவுண்ட் அமைப்பில் அந்த ஜோனுக்கு நோடிஃபால்ட் (nodefault) என்று குறிப்பிட்டால்தான் கேள்வி அங்கே போகும்.

ஐயானா பட்டியலை அப்படியே ஃபயர்வாலில் போட்டு அத்தனையையும் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு தொகுதிக்கும் எதிரே அது உலக இணையத்தில் எட்டக்கூடியதா என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. ஏஎஸ்112-இன் 192.175.48 தொகுதி பட்டியலில் இருந்தாலும் எட்டக்கூடியது. அதையும் தடுத்தால், கசிந்த கேள்விக்கு உடனே கிடைத்திருக்கும் “இல்லை” கூடக் கிடைக்காது. இணைய விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் பரிசீலனைக்குப் பிறகு பட்டியலில் புதிய தொகுதிகளும் சேரும். எப்போதோ நகலெடுத்த பட்டியலை நம்ப வேண்டாம்.

அப்புறம் பெயர்கள். டாட் லோக்கல் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் சாதனங்கள் ஒன்றையொன்று பெயர் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை) ஒதுக்கப்பட்டது. பிரிண்டர்களும் ஆப்பிள் சாதனங்களும் அதை அப்படித்தான் தேடும். டாட் டெவ்-ஐ உள்ளே சும்மா பயன்படுத்தியவர்களுக்கு, அது கூகுளின் நிஜமான டொமைன் ஆனபின் 2017 இறுதியில் குரோம் எச்டிடிபிஎஸ்-ஐக் கட்டாயமாக்கியதும் சோதனைத் தளங்கள் திறக்கவில்லை. வீட்டுக்கு ஹோம் டாட் ஆர்ப்பா இருக்கிறது. டாட் இன்டர்னல்-ஐ 2024-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் உள் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கியது. ஆனால் இந்தப் பெயர்களுக்கு எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் டிஎல்எஸ் சான்றிதழ் (எச்டிடிபிஎஸ்-க்குத் தேவையானது) தராது. சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழ் ஒரு துணை டொமைனை உள்ளுக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை. அதை வேறு யாரும் எடுக்க முடியாது, சான்றிதழும் கிடைக்கும்.

எல்லாம் செய்த பிறகு, வெளியே போகும் லைனில் டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53-ஐ, நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். 10, 172.16, 192.168 பற்றிய ஒரு கேள்விகூடத் தெரியக்கூடாது. அடுத்து, யாரும் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை இணைய கேபிளைக் கழற்றிவிட்டு உள் சர்வர்களில் ஒவ்வொன்றாக லாகின் செய்து பாருங்கள். எது தாமதிக்கிறதோ அங்கே ஏதோ ஒரு ஜோன் இன்னும் விடுபட்டிருக்கலாம்.